பாரக் முதல் பட்டா வரை

மகாராஷ்டிரத்தில் கல்யாண் ரயில் சந்திப்பை ஒட்டியிருக்கும் ஊர் உல்லாஸ்நகர். அங்கே ஒருவரிடம் வீட்டு விலாசம் கேட்டால் தெருப் பெயரைச் சொல்கிறாரோ இல்லையோ, 'பாரக் நம்பர்' சொல்லிவிடுவார். ஜவுளிக்கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அந்த எண் இருக்கும். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சிப்பாய்கள் படுத்துறங்கிய நீளக் கொட்டகைகள்தான் பாரக்குகள். போர் முடிந்தது, சிப்பாய்கள் போனார்கள். அந்த இடத்துக்கு வீடிழந்த குடும்பங்கள் வந்தன. கொட்டகைகள் பலவும் இடிந்து மாடிக் கட்டடங்களாகிவிட்டன. எண் மட்டும் எழுபத்தைந்து ஆண்டுகளாக விலாசத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ராணுவம் காலி செய்த கொட்டகையில் குடும்பம் நடத்துவது உல்லாஸ்நகரில் மட்டும் நடந்த விந்தையல்ல. 1945-க்குப் பிறகு லண்டன் பக்கத்திலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் டெல்லியிலும் கோலாப்பூரிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படித்தான் வாழ்ந்தன. எல்லோருக்கும் சொல்லப்பட்ட வார்த்தை ஒன்றுதான்: "கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்." அந்தக் கொஞ்ச நாள் சிலருக்கு இரண்டு வருடத்தில் முடிந்தது. சிலருக்கு மூன்று தலைமுறையாகியும் முடியவில்லை. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு காகிதம். இடம் உன்னுடையது, நீ இந்த நாட்டுக்காரன் என்று சொல்லும் காகிதம்.

அதற்காகக் காத்திருப்பவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்திலும் இருக்கிறார்கள். ஆலங்குடிப் பக்கம் தோப்புக்கொல்லை, திருமயம் பக்கம் லேனாவிளக்கு, அறந்தாங்கிப் பக்கம் அழியாநிலை ஆகிய மூன்று இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. அவர்கள் இருப்பது ராணுவக் கொட்டகை அல்ல. ஆனால் போர் துரத்தி வந்தவர்கள், தற்காலிகம் என்று சொல்லித் தரப்பட்ட கூரையின் கீழ் பல பத்தாண்டுகளைக் கழித்தவர்கள். அவர்கள் நிலையைப் புரிந்துகொள்ள, பாரக்குகளில் குடியேறிய மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பது உதவும்.

நாலு மணி நேரத்தில் ஒரு கூரை

ராணுவக் குடிசை என்றதும் ஐரோப்பாவில் எல்லோர் நினைவுக்கும் வருவது 'நிசென் ஹட்'. முதல் உலகப் போரின் நடுவில், 1916-ல், பீட்டர் நார்மன் நிசென் என்ற ராணுவப் பொறியாளர் வடிவமைத்தது. தகர ஷீட்டை அரை வட்டமாக வளைத்துத் தரையில் கவிழ்த்தால் சுவரும் கூரையும் ஒன்றாகிவிடும். நீளம் 27 அடி, அகலம் 16 அடி. ஒரு குடிசைக்கான மொத்தச் சாமானும் ஒரே ராணுவ லாரியில் அடங்கும். ஆறு பேர் சேர்ந்தால் நாலு மணி நேரத்தில் நிறுத்திவிடலாம். உள்ளே 24 சிப்பாய்கள் படுக்கலாம். 1941-ல் அமெரிக்கக் கடற்படை இதே யோசனையை விரிவாக்கி 'குவான்செட் ஹட்' என்ற பெயரில் லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தது.

படுக்கையை விரித்து ராத்தூக்கம் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகிற சிப்பாய்க்கு அது போதும். குடும்பத்துக்கு எப்படிப் போதும்? சுவர் வளைந்திருப்பதால் பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்க முடியாது. குளிர்காலத்தில் தகரத்தின் உட்புறம் வியர்த்துப் படுக்கையில் சொட்டும். வெயிலில் உள்ளே உட்கார முடியாது. சமையலுக்குத் தனியிடம் கிடையாது, கழிப்பறையும் குழாயும் எல்லோருக்கும் பொது. இத்தனையும் தெரிந்துதான் ஜனங்கள் போனார்கள். வேறு இடம் இல்லை.

பிரிட்டனில் ஜெர்மானியக் குண்டுவீச்சால் ஏறத்தாழ நாலே முக்கால் லட்சம் வீடுகள் இடிந்துபோயின, அல்லது குடியிருக்க லாயக்கற்றுப் போயின. போர் நடந்த ஆறு ஆண்டுகளும் புது வீடு கட்டும் வேலை அநேகமாக நின்றேபோயிற்று. படையிலிருந்து திரும்பிய இளைஞர்கள் கல்யாணம் செய்துகொண்டு, கைக்குழந்தையோடு மாமனார் வீட்டு ஒற்றை அறையில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். ஊருக்கு வெளியே கம்பி வேலிக்குள் ராணுவ முகாம்கள் காலியாகக் கிடந்தன.

1946 மே மாதம் ஸ்கன்தார்ப் என்ற தொழில் நகரத்தில் ஜேம்ஸ் ஃபீல்டிங் என்ற சினிமா ஆபரேட்டர், மனைவி மக்களோடு அப்படி ஒரு முகாமுக்குள் நுழைந்து குடியேறினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. செய்தி பரவியது. கோடை முடிவதற்குள் நாடு முழுவதும் குடும்பங்கள் குழந்தை வண்டியில் பாத்திரம் பண்டத்தை ஏற்றிக்கொண்டு முகாம்களுக்குக் கிளம்பிவிட்டன. கதவில் சாக்பீஸால் பெயர் எழுதினால் அந்தக் குடிசை அவர்களுடையது என்று அர்த்தம். அதே ஆண்டு அக்டோபரில் அரசு தந்த கணக்குப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1,038 முகாம்களில் 39,535 பேர் இப்படிக் குடியிருந்தார்கள். ஸ்காட்லாந்துக் கணக்கு தனி.

அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம் ஒன்று உண்டு. முகாமுக்கு முகாம் கமிட்டி அமைத்து, தாங்களாகவே வாடகை வசூலித்து, உள்ளூர் நகராட்சியிடம் கொண்டுபோய்க் கொடுக்க முன்வந்தார்கள். வாங்கினால் அவர்கள் குடித்தனக்காரர்கள் ஆகிவிடுவார்கள். வீட்டுவசதிப் பொறுப்பு அப்போது சுகாதார அமைச்சர் அனூரின் பெவனிடம் இருந்தது. முதலில் முறைத்துப் பார்த்த அரசு, நாற்பதாயிரம் பேரைத் தூக்கித் தெருவில் போட முடியாது என்று உணர்ந்ததும் முகாம்களை நகராட்சிகளிடம் ஒப்படைத்தது. தடுப்புச் சுவர், குழாய், மின்விளக்கு வந்தன, கூடவே வாடகைப் புத்தகமும் வந்தது. புத்தகம் கையில் இருந்தால் நகராட்சி கட்டும் புது வீட்டுக்கான வரிசையில் இடம் உண்டு. கடைசி முகாம்கள் காலியாக 1950-களின் பிற்பகுதி ஆயிற்று என்றாலும், போனவர்கள் செங்கல் வீட்டுக்குப் போனார்கள்.

போரில் ஜெயித்து, நாட்டுக்குள் வீடுகள் அநேகமாக இடியாத அமெரிக்காவிலும் இதே கதைதான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் 1946 ஏப்ரலில் 750 குவான்செட் குடிசைகளை வரிசையாக நட்டார்கள். ஒவ்வொன்றையும் நடுவில் தடுத்து இரண்டு குடும்பங்கள், ஆக 1,500 குடும்பங்கள். 'ராஜர் யங் கிராமம்' என்று பெயர். பத்து ஆண்டுக்குள் அதை மூடிவிட்டார்கள். மைதானம் திரும்பப் பூங்காவானது.

வாடகைக்கு வீடு இல்லை

இந்தியாவில் குண்டு விழுந்த ஊர்கள் குறைவு. ஆனால் வீட்டுப் பஞ்சம் இங்கேயும் தலைவிரித்தாடியது. சென்னையையே எடுத்துக்கொள்வோம். 1941 மக்கள்தொகைக் கணக்கில் 7.77 லட்சமாக இருந்த நகரம், 1951 கணக்கில் 14.16 லட்சமாகிவிட்டது. நகர எல்லை விரிந்ததும் அதில் சேர்த்தி. சிமென்ட், இரும்பு எல்லாம் போருக்குப் போய்விட்டதால் கட்டட வேலை முடங்கியது. வாடகை தாறுமாறாக ஏறவே, 1946-ல் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது.

அடுத்த ஆண்டே பிரிவினை. எல்லைக்கு அந்தப்பக்கமிருந்து லட்சம் லட்சமாக வந்தவர்களைத் தங்கவைக்க அரசுக்குக் கைவசம் இருந்தவை பள்ளிக்கூடம், கோட்டை, கூடாரம், அப்புறம் போர் விட்டுப்போன ராணுவக் கொட்டகைகள். டெல்லி கிங்ஸ்வே பகுதியில் ஹட்சன் லைன், அவுட்ரம் லைன் என்று இன்றும் வழங்கும் பகுதிகள் அப்படி நிரம்பியவைதான். பம்பாயில் செம்பூரிலும், தமிழர்கள் நெருக்கமாக வாழும் தாராவிக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் சயான் கோலிவாடாவிலும் ராணுவ பாரக்குகள் அகதிகளுக்குத் தரப்பட்டன. கோலாப்பூர் அருகே வலிவடே என்ற இடத்தில் போர்க்காலத்தில் போலந்து நாட்டு அகதிகளுக்காக ஒரு முகாம் கட்டியிருந்தார்கள். அவர்கள் கிளம்பிய பிறகு அந்த வீடுகளில் சிந்திகள் குடியேறினார்கள். இப்போது காந்திநகர் என்ற பெயரில் அது மொத்த ஜவுளி வியாபாரத்துக்குப் பேர்போன சந்தை.

எல்லாவற்றிலும் பெரியது கல்யாண் முகாம். போர்முனைக்குப் போகும் படைகள் இடையில் தங்குவதற்காக பம்பாயிலிருந்து ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் தூரத்தில் போடப்பட்ட அந்த முகாமில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாரக்குகள் இருந்தன. சிந்து மாகாணம் முழுசாகப் பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால், பஞ்சாபிகளுக்கும் வங்காளிகளுக்கும் இருந்ததுபோலத் தங்களுடையது என்று சொல்ல ஒரு பாதி மாநிலம்கூட இந்தியாவில் சிந்திகளுக்கு இல்லை. கராச்சியிலிருந்து கப்பலில் பம்பாய் வந்து இறங்கியவர்களை ரயிலேற்றிக் கல்யாணில் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரு லட்சம் பேர் அளவுக்குக் கூட்டம் சேர்ந்தது.

நாற்பது ஐம்பது பேர் படுக்க ஏதுவான நீளக் கொட்டகைக்குள் சாக்கையும் பழைய புடவையையும் திரையாகக் கட்டி, குடும்பத்துக்கு ஒரு தடுப்பு. இந்தப்பக்கம் ஒருவர் இருமினால் அந்தப்பக்கம் குழந்தை விழித்துக்கொள்ளும். காலையில் குழாயடியிலும் கழிப்பறை வாசலிலும் வரிசை. நேற்றுவரை பங்களாவில் இருந்தவரும் அவர் வீட்டுக் கணக்குப்பிள்ளையும் அடுத்தடுத்த தடுப்பில் இருந்தார்கள்.

1949 ஆகஸ்ட் 8 அன்று அந்த ராணுவ முகாம் ஒரு நகரமானது. உல்லாஸ் நதிக்கரையில் இருப்பதால் உல்லாஸ்நகர். அடிக்கல் நாட்டியவர் அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி.

பெண்கள் அப்பளமும் ஊறுகாயும் போட்டார்கள். ஆண்கள் மிட்டாய், சோப்பு, சீப்பு என்று கையில் கிடைத்ததை பம்பாய் லோக்கல் ரயில்களில் விற்றார்கள். பிறகு பாரக்கின் ஒரு பாதி வீடு, மறு பாதி பட்டறை. மரச்சாமான், ரெடிமேட் துணி, ஜீன்ஸ் என்று தொழில்கள் வளர்ந்தன. வெளிநாட்டுச் சரக்குபோலவே செய்து தள்ளும் சாமர்த்தியத்தைப் பார்த்து, அந்த ஊர்ப் பொருளில் அச்சிட்டிருக்கும் 'யு.எஸ்.ஏ.' என்பது அமெரிக்கா அல்ல, 'உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்' என்று பம்பாய்க்காரர்கள் கேலி பேசினார்கள்.

இந்த வளர்ச்சிக்கு உழைப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது. மற்ற முகாம்களில் இருந்தவர்களும் உழைத்தார்கள். சிந்திகள் வந்த நாளிலிருந்தே இந்தியக் குடிமக்களாக நடத்தப்பட்டார்கள். கடை உரிமமும் ஓட்டுரிமையும் கிடைத்தன. 1954-ல் இடம்பெயர்ந்தோர் இழப்பீடு, மறுவாழ்வுச் சட்டம் வந்தது. பாகிஸ்தானில் விட்டுவந்த சொத்துக்கு ஈடாகக் கணக்கிட்ட தொகையைக் கழித்துக்கொண்டு, குடியிருக்கும் பாரக் அறையை அவரவர் பெயருக்கே எழுதித் தர அது வழிசெய்தது. இடம் சொந்தமானதும் சாக்குத் திரை செங்கல் சுவராயிற்று. சுவர் மாடியாயிற்று.

மாடி அளவு மீறியும் போனது. அனுமதியில்லாமல் எழுந்த 855 கட்டடங்களை இடிக்கும் நிலை நீதிமன்ற உத்தரவால் வந்தபோது, உல்லாஸ்நகருக்கென்றே தனியாக ஒரு வரன்முறைச் சட்டத்தை 2006-ல் மகாராஷ்டிர அரசு கொண்டுவர வேண்டியிருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஊருக்கு அந்தச் செல்வாக்கு உண்டு.

அதே பிரிவினை, அதே மாதிரி ராணுவத் தளம், ஆனால் வேறு முடிவு வங்காளத்தில். நதியா மாவட்டம் ராணாகாட் அருகே போர்க்காலத் தளமாக இருந்த கூப்பர்ஸ் கேம்ப்பில் 1950-ல் கிழக்கு வங்காள அகதிகளைத் தங்கவைத்தார்கள். வேலை செய்யத் தகுந்தவர்களை வேறிடங்களுக்கு அனுப்பிவிட்டு, ஆண் துணையில்லாத பெண்கள், முதியவர்கள், நோயாளிகள் ஆகியோரை அரசாங்கம் 'நிரந்தரப் பொறுப்பு' என்று ஒரு தலைப்பில் எழுதிக்கொண்டது. மானியமும் ரேஷனும் வந்தன. நில உரிமை மட்டும் பல பத்தாண்டுகள் வரவில்லை. கூப்பர்ஸ் கேம்ப் இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது.

அம்மாப்பட்டினத்திலிருந்து போனவர்கள்

தமிழ்நாட்டில் போர் விட்டுப்போனது அதிகமும் ஓடுதளங்களைத்தான். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியதும் சென்னை நகரமே காலியானது. சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, தஞ்சாவூர், புதுக்கோட்டை எல்லையை அடுத்த செட்டிநாடு என்று பல இடங்களில் போர்க்கால ஓடுதளங்கள் இருந்தன. சோழவரத்தில் பிறகு கார் பந்தயம் நடந்தது. குடும்பங்கள் தங்கியவை வேறு வகை முகாம்கள். அவற்றில் மூத்தது மண்டபம் முகாம். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்ப் பரிசோதனைக்காக நிறுத்திவைக்க, வெள்ளைக்கார ஆட்சியில் இலங்கை அரசு நடத்திய இடம் அது.

புதுக்கோட்டைக்கும் அந்தத் தோட்டங்களுக்கும் தொடர்பு ஆழமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானம், ராமநாதபுரம், திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து மழை பொய்த்தபோதெல்லாம் சனங்கள் கங்காணிகளின் பின்னால் போனார்கள். தொண்டி, அம்மாப்பட்டினம் துறைகளில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டுவழியே கண்டிச் சீமைக்கு நடந்தார்கள். அம்மாப்பட்டினம் இன்று புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊர்.

அவர்களுடைய வாரிசுகள் 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்கும் என்றது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு ராமேசுவரம் கப்பலில் வந்து மண்டபத்தில் இறங்கியவர்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களுக்கு மறுவாழ்வுக் கடன், வீட்டுக் கடன், கூட்டுறவு நூற்பாலைகளிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் வேலை என்று திட்டங்கள் இருந்தன. நடைமுறையில் குறைகள் ஏராளம். இருந்தாலும் அவர்கள் இந்தியர்கள்.

இலங்கையில் தமிழர்கள்மீது நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அதே மண்டபத்துக்குப் படகில் வந்தவர்களிடம் பாஸ்போர்ட் இல்லை. அவர்களுக்குப் பெயர் 'அகதி'. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த மலையகத் தோட்டத் தொழிலாளர் வம்சாவளியினரும் அந்தப் படகுகளில் இருந்தார்கள். கப்பல் போக்குவரத்து நின்றுபோனதால், தாயகம் திரும்பியோர் ஆக வேண்டியவர்கள் அகதிகளாகப் பதிவானார்கள். ஒரே முகாம், ஒரே மாதிரிக் கொட்டகை. உள்ளே வந்த தேதியும் கையிலிருந்த காகிதமும் மட்டுமே வேறு.

பத்துக்குப் பத்து

1983-லிருந்து 2010 வரை நான்கு அலைகளாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலர் திரும்பிப் போனார்கள். மீதியுள்ளவர்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நூற்றுச் சொச்சம் முகாம்களிலும் மற்றவர்கள் வெளியிலும் வாழ்கிறார்கள். தோப்புக்கொல்லை, லேனாவிளக்கு, அழியாநிலை மூன்றும் அந்த நூற்றுச் சொச்சத்தில் சேர்ந்தவை.

முகாம் வீடு என்றால் பத்துக்குப் பத்து. பத்து அடி நீளம், பத்து அடி அகலம், தலைக்கு மேல் தார் ஷீட் அல்லது ஆஸ்பெஸ்டாஸ். வந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கு அங்கேயே கல்யாணமாகி, அதே பத்துக்குப் பத்தின் முன்னால் ஒரு சாய்ப்பு இறக்கி மருமகள் வந்து, பேரன் பேத்தியும் பிறந்தாயிற்று. மாதத்தில் குறித்த நாளில் வருவாய்த் துறையினர் முன் ஆஜராகிப் பேர் கொடுத்தால்தான் உதவித்தொகை. கியூ பிராஞ்ச் போலீஸின் கண் எப்போதும் முகாம் மேல் உண்டு. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு கெடுபிடி இன்னும் கூடியது.

வேலை என்று எடுத்துக்கொண்டால் முகாம் ஆண்களில் பெரும்பாலானோருக்குக் கைகொடுப்பது பெயிண்டிங். காலையில் பிரஷ்ஷும் வாளியுமாகப் போய் மற்றவர்கள் கட்டும் புது வீடுகளுக்கு வர்ணமடித்துவிட்டு மாலையில் திரும்புவார்கள். பிள்ளைகள் பொறியியல், நர்சிங் வரை படித்திருக்கிறார்கள். குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு மனுப்போட முடியாது.

2021-ல் ஒரு திருப்பம் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தர 231.54 கோடி அதில் ஒதுக்கப்பட்டது. குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. மறுநாள் முகாமின் பெயரும் மாறியது. 'அகதிகள் முகாம்' என்ற பலகைக்குப் பதில் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'. திண்டுக்கல் மாவட்டம் தோட்டனூத்தில் 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் வேலூர் மேல்மொணவூரில் நடந்த விழாவில், பதின்மூன்று மாவட்டங்களில் கட்டிய 1,591 வீடுகள் ஒப்படைக்கப்பட்டன.

கான்கிரீட் கூரை பெரிய ஆறுதல். மழைக்காலத்தில் பாத்திரம் வைத்து ஒழுகல் பிடித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் உல்லாஸ்நகர்க்காரருக்கு 1954-ல் கிடைத்தது இவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. வீட்டுக்குள் போகச் சாவி உண்டு, விற்கவோ அடகு வைக்கவோ பிள்ளைக்கு எழுதிவைக்கவோ பட்டா இல்லை. பட்டாவுக்கு முன்னால் குடியுரிமை வேண்டும்.

சட்டத்தில் இருக்கும் ஒரு வாசல்

குடியுரிமைச் சட்டத்தின்படி 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்த எவரும் பிறப்பாலேயே இந்தியர். பெற்றோர் யார் என்ற கேள்வி அங்கே எழாது. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்; 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. 2019-ல் வந்த திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குத்தான். இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு பிறப்பித்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு தந்தது. சிறைப் பயம் போயிற்று. குடியுரிமை வரவில்லை.

1987-க்கு முந்தைய வாசல் மட்டும் திறந்தே இருக்கிறது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண், சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் 2022-ல் பாஸ்போர்ட் பெற உத்தரவு வாங்கினார். வாக்காளர் அட்டையும் கிடைத்து, 2024 ஏப்ரல் 19-ல் நடந்த மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். முகாம் வாசி ஒருவர் இந்தியத் தேர்தலில் வாக்களித்தது அதுவே முதல்முறை என்று செய்தித்தாள்கள் எழுதின. அவருக்கு உதவியது மண்டபத்தில் பிறந்ததற்கான சான்றிதழ்.

'சொந்த ஊருக்கே திரும்பலாமே' என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். 1990-ல் பலாலி, காங்கேசன்துறைச் சுற்றுவட்டாரத்தை ராணுவம் உயர் பாதுகாப்பு வலயமாக்கியது. பிரிட்டனில் ராணுவம் விட்ட குடிசைக்குக் குடும்பங்கள் போயின என்றால், இங்கே குடும்பங்கள் விட்ட வீடுகளுக்கு ராணுவம் வந்தது. வீட்டுக்காரர்கள் மல்லாகம் கோணப்புலம் போன்ற நலன்புரி முகாம்களில் தகரக் கொட்டில்களில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்கள். 2015-க்குப் பிறகு காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கப்பட்டன, முழுதாக அல்ல. திரும்ப நினைப்பவருக்கு அங்கே வீடும் காணியும் இருக்கிறதா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

புதுக்கோட்டைக்கு, பயன்பாடு முடிந்த கட்டடத்தை மக்கள் காரியத்துக்குத் திருப்பிவிட்ட அனுபவம் உண்டு. 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. மன்னருக்காகக் கட்டிய புது அரண்மனைதான் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு வருபவர்கள் அந்த அரண்மனைப் படியைத்தான் ஏறுகிறார்கள்.

அந்த அலுவலகம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. மூன்று முகாம்களிலும் 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து, அவர்களுடைய பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துக் கொடுத்து, பாஸ்போர்ட்டுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் விண்ணப்பிக்க ஒரு சிறப்பு முகாம் நடத்தலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், டெல்லியின் அனுமதியும் வேண்டாம். தந்தையோ தாயோ இந்தியர் என்று உறுதியானால், அடுத்த தலைமுறையின் விண்ணப்பத்துக்கும் வழி பிறக்கலாம். முகாம்களில் உறவோ நட்போ உள்ள வாசகர்கள் இதை அவர்களிடம் சொல்லுங்கள்: பழைய மருத்துவமனைச் சீட்டு, முகாம் பதிவு அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.